யார் படிக்க எழுதியது? லாரி எழுத்தின் அளவும் உத்திரமேரூர்க் கல்லெழுத்தும்

1

உத்திரமேரூருக்கு வருகிற ஆராய்ச்சியாளர்கள் நேரே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஜனநாயகத்தின் தொட்டில் என்று எழுதுகிறார்கள். கோயிலை விட்டு வெளியே வந்தால் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் காஞ்சிபுரம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேலும் எழுத்து இருக்கிறது. அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்து வாசிப்பதில்லை. கல்லில் இருந்தால் சாசனம், தகரத்தில் இருந்தால் பெயிண்ட் என்று பிரித்துப் பழகியது நம் தமிழ்ப் புலமை.

இந்தக் கட்டுரை தகரத்தில் இருக்கிற எழுத்தைப் பற்றியது. குறிப்பாக அந்த எழுத்தின் அளவைப் பற்றியது. எழுத்து பெருசா இருந்தா என்ன, சிறுசா இருந்தா என்ன என்று கேட்கலாம். ஓர் எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அரசு விதி போடும்போது, அதை எவ்வளவு தூரத்தில் நிற்கிற யார் படிக்கலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது. அளவை நிர்ணயிப்பது வாசகரை நிர்ணயிப்பதுதான்.

ஒரு பத்துச் சக்கர டிப்பரைச் சுற்றி வந்து பார்த்தால் மூன்று வகை எழுத்துகள் கண்ணில் படும். முதலாவது பதிவு எண். காஞ்சிபுரத்து வண்டியானால் டி.என். 21, நாமக்கல் வண்டியானால் டி.என். 28, சங்ககிரி வண்டியானால் டி.என். 52 என்று தொடங்கும். இரண்டாவது, டிரைவர் கதவையொட்டியும் அதற்கு எதிர்ப்பக்கத்திலும் பொடி எழுத்தில் இருக்கிற கணக்கு: காலி எடை, மொத்த எடை, அச்சுக்கு எவ்வளவு பாரம், டயர் அளவு, எஃப்.சி. முடிகிற தேதி, உரிமையாளர் விவரம். மூன்றாவது வகைக்கு அளவே கிடையாது. முன்கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயர், பின்கதவில் பிள்ளைகளின் பெயர், கட்சிக் கொடியின் நிறம், சாதியைச் சொல்லாமல் சொல்கிற ஒரு சின்னம், 'ஒலி எழுப்பவும்', 'மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்'.

மூன்றில் முதலிரண்டும் சட்டத்தால் எழுதப்படுபவை. மூன்றாவது ஆசையால் எழுதப்படுவது. ஆசையின் எழுத்து ஒரு சாண் உயரத்தில், தமிழில், நிழல் விழுந்த மாதிரி இரண்டு நிறத்தில் இருக்கிறது. சட்டத்தின் எழுத்துக்கு விதித்த உயரம் 65 மில்லிமீட்டர்.

2

இந்த 65 மில்லிமீட்டர் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 51ஆம் விதியின் அட்டவணையில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குப் பின்பக்க எழுத்து 35, எண் 40. ஆட்டோவுக்குத் தனிக் கணக்கு. மிச்சமுள்ள எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் எழுத்தின் உயரம் 65, கோட்டின் தடிப்பு 10, இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி 10 மில்லிமீட்டர். 'மிச்சமுள்ள எல்லாம்' என்ற சொல்லுக்குள் வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய சின்னக் காரும் அடங்குகிறது, மொத்த எடை 28.5 டன் வருகிற டிப்பரும் அடங்குகிறது. மோதினால் என்ன ஆகும் என்பதில் இவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்தின் அளவில் இல்லை. 1989 ஜூன் 12 நாளிட்ட அறிவிக்கை, எழுத்து ஆங்கிலத்திலும் எண் அரபு எண்களிலும் இருக்க வேண்டும், சரக்கு வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு என்றது. அதற்கு முன்பு மூன்று எழுத்தும் நான்கு இலக்கமுமாக இருந்த நம்மூர் எண்கள் அப்போதுதான் டி.என். வரிசைக்கு மாறின.

எண் போடும் பழக்கத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1893இல் பாரிஸ் நகரப் போலீஸ் போட்ட உத்தரவு, மோட்டார் வண்டியில் உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் பொறித்த தகடு இருக்க வேண்டும் என்றது. தெருவில் போகிறவர் அதைப் படித்தால் யார் வண்டி என்று தெரிந்துகொள்ளலாம். பிரிட்டனின் 1903ஆம் ஆண்டுச் சட்டம் எண்முறையைக் கொண்டுவந்தது. 1904 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெயர் போய் எண் வந்ததை வேகத்தோடு சம்பந்தப்பட்ட தொழில்நுட்ப மாற்றமாக மட்டும் பார்த்தால் போதாது. பெயரை யாரும் படிக்கலாம். எண்ணைப் பெயராக மாற்ற ஒரு பதிவேடு வேண்டும், பதிவேட்டை வைத்திருக்க ஓர் அலுவலகம் வேண்டும், அலுவலகத்துக்குள் போக ஒரு தகுதி வேண்டும். தெருவில் நிற்பவருக்கும் வண்டியின் உரிமையாளருக்கும் நடுவில் அரசு வந்து உட்கார்ந்துகொண்டது. சமூகத்தைத் தன் கண்ணுக்குப் படிக்கத்தக்கதாக ஆக்குவதே நவீன அரசின் அடிப்படை வேலை என்று ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். அதோடு நாம் சேர்க்க வேண்டியது ஒன்று: அரசின் கண்ணுக்குப் படிக்கத்தக்கதாக ஆவது ஊரின் கண்ணுக்கும் அப்படி ஆவதில்லை. சில சமயம் அதற்கு நேர்மாறாகவே நடக்கிறது.

இந்தியாவில் கதை இன்னும் வெளிப்படையானது. 1914இல் முதல் அகில இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1931இல் சென்னை மாகாணம் மோட்டார் வாகன வரிக்குத் தனிச் சட்டம் செய்தது. அந்தப் பத்தாண்டில் பஸ்ஸும் லாரியும் ரயிலின் வருமானத்தைத் தின்பதாகப் பெரிய கூப்பாடு எழுந்தது. மிட்செலும் கிர்க்னெஸ்ஸும் 1933இல் தந்த அறிக்கையும், 1937இன் வெட்ஜ்வுட் குழு அறிக்கையும் சாலைப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லின. 1939இன் மோட்டார் வாகனச் சட்டம் அந்த விவாதத்தின் பிள்ளை. எந்த லாரி எந்தப் பாதையில் எவ்வளவு பாரத்தோடு போகலாம் என்ற பர்மிட் முறை அதில்தான் உறுதிப்பட்டது. வண்டியின் மேல் எழுதச் சொன்ன எண்ணையும் எடையையும் படிக்க வேண்டியவர் வரி வாங்குபவரும் பர்மிட் பார்ப்பவரும். ரோட்டோரத்தில் ஆடு ஓட்டிப் போகிறவர் அந்தச் சட்டத்தின் கற்பனைக்குள் வரவே இல்லை.

1975இல் நேஷனல் பர்மிட் வந்தது. 1989 விதிகளின் 90ஆம் விதி அந்த வண்டிகளின் உடம்பு காய்ந்த இலையின் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும், 30 சென்டிமீட்டர் அகலத்தில் வெள்ளைக் கரை வேண்டும், இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் 'நேஷனல் பர்மிட்' என்று எழுத வேண்டும் என்றது. எல்லை செக்போஸ்டில் இருப்பவருக்கு நூறு கஜத்திலேயே தெரிய வேண்டியதற்கு 60 சென்டிமீட்டர் வட்டம். அடிபட்டுக் கிடக்கிறவருக்குத் தெரிய வேண்டியதற்கு ஆறரை சென்டிமீட்டர் எழுத்து.

3

லாரி அடித்துவிட்டுப் போன இடத்தில் கூடுகிற கூட்டம் கேட்கிற முதல் கேள்வி, உசுரு இருக்கா. இரண்டாவது கேள்வி, நம்பர் பாத்தியா. 'டிஎன் இருவத்தொண்ணுன்னு இருந்துச்சு, மிச்சம் புழுதியில தெரியல' என்பது கிராமத்துச் சாலைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பதில். இந்தப் பதிலைக் கவனக்குறைவு என்று நாம் நினைத்துவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கண் ஆஸ்பத்திரியில் மாட்டியிருக்கிற எழுத்து அட்டை, 1862இல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் வகுத்தது. ஒரு பாகையை 60 கலையாகப் பிரித்தால், குறையில்லாத கண், 5 கலை அளவுக்குத் தெரிகிற எழுத்தைப் படித்துவிடும் என்பது அதன் அடிப்படை. அந்தக் கணக்கில் 65 மில்லிமீட்டர் எழுத்தைப் படிக்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 45 மீட்டர். அதுவும் நல்ல வெளிச்சத்தில், அசையாமல் இருக்கிற, துடைத்துவைத்த எழுத்தை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் முழுப் பார்வையுள்ளவருக்குக் கிடைக்கிற அவகாசம் மூன்று நொடிகூட இல்லை. பார்வை பாதியாக இருக்கிறவருக்கு ஒன்றரை நொடிக்கும் குறைவு. கண்ணாடி போட வேண்டிய வயதிலும் கண்ணாடி இல்லாமல் நூறு நாள் வேலைக்கும் மாடு மேய்க்கவும் போனவர்கள் நம்மூரில் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில எழுத்து தெரியாதவருக்கு அந்த ஒன்றரை நொடியிலும் பாதிதான் பயன்படும். இதோடு கிரஷர் வண்டியின் பின்னாலேயே வருகிற புழுதியையும், தார்ப்பாய் தொங்கி மறைப்பதையும், தகட்டின் மேல் காய்ந்துபோன சேற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எண் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டத்தில் ரூபாய்க் கணக்கு இருக்கிறது. 1988 சட்டத்தின் 161ஆம் பிரிவு, அடித்துவிட்டு அடையாளம் தெரியாமல் போன வண்டியால் செத்தவரின் குடும்பத்துக்கு 8,500 ரூபாய் என்றது. பலத்த காயத்துக்கு 2,000. 1994 திருத்தம் இதை 25,000, 12,500 என்று ஆக்கியது. அதற்குப் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் விலைவாசி ஏறியது, ஜல்லி விலை ஏறியது, இது ஏறவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல்தான் 2 லட்சம், 50,000 என்று மாறியது. எண் தெரிந்துவிட்டால் நிலைமை வேறு. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இறந்தவரின் வயது, சம்பாத்தியம், அவரை நம்பியிருந்தவர்கள் எல்லாம் கணக்கில் வரும், வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், உச்சவரம்பு கிடையாது. ஒரே மனிதர், ஒரே சாவு. நடுவில் இருப்பது யாராவது படித்தார்களா இல்லையா என்பதுதான்.

தகடு மங்கிப்போனால் வண்டிக்காரருக்கு என்ன? பொதுத் தண்டனைப் பிரிவான 177இன்படி முதல் தடவைக்கு 100 ரூபாய் வரை அபராதம்; 2019 திருத்தத்துக்குப் பின் 500. படிக்க முடியாத எண்ணின் விலை வண்டிக்காரருக்கு ஐந்நூறு ரூபாய், செத்தவர் வீட்டுக்குப் பல லட்சம்.

2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புத் தகடு கட்டாயம். கனரக வண்டிக்கு 340க்கு 200 மில்லிமீட்டர் தகடு, அசோகச் சக்கர ஹோலோகிராம், லேசரில் பொறித்த தனி எண். கள்ளத் தகடு போடுவதை இது கடினமாக்கியிருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பத்து இலக்கத்துக்குக் குறையாத அந்த லேசர் எண்ணை வண்டியை நிறுத்தி, குனிந்து, கிட்டே போய்த்தான் படிக்க முடியும். வண்டியை நிறுத்தும் அதிகாரம் உள்ளவருக்கான எழுத்து அது. புதுமை எல்லாம் அந்தப் பக்கமே சேர்ந்திருக்கிறது. செல்போன் செயலியில் எண்ணைத் தட்டினால் வண்டி விவரம் வருகிறது, உரிமையாளரின் பெயர் மட்டும் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே பாதி பாதியாக நிற்கிறது. 1893இன் பாரிஸ் தெருவாசிக்குக் கிடைத்தது 2020களின் உத்திரமேரூர்க்காரருக்கு இல்லை.

4

இரண்டாவது வகை எழுத்துக்கு வருவோம். எடைக் கணக்கு. 1988 சட்டத்தின் 58ஆம் பிரிவு, சரக்கு வண்டியின் காலி எடை, மொத்த எடை, அச்சு எடை, டயரின் அளவு இவற்றைப் பதிவேட்டில் எழுதுவதோடு வண்டியின் மேலும் எழுதிக் காட்ட வேண்டும் என்கிறது. அழகான விதி. தன் குற்றத்துக்கான சாட்சியத்தை வண்டி தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு போக வேண்டும் என்று சொல்கிற விதி. இவ்வளவுக்கு மேல் ஏற்றினால் தப்பு என்று வண்டியே சொல்கிறது. ஆனால் யாரிடம் சொல்கிறது? கதவுக்குப் பக்கத்தில், விரல் உயரத்தில், ஆங்கிலச் சுருக்கெழுத்தில், ஆர்.எல்.டபிள்யூ., யு.எல்.டபிள்யூ. என்று முணுமுணுக்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளரின் காதில் விழுகிற அளவுக்குத்தான் அதன் குரல்.

உத்திரமேரூர் வட்டாரத்துக்கு இந்த எடை சாதாரண விஷயமில்லை. பாலாறும் செய்யாறும் ஓடுகிற பகுதி இது. இரண்டு ஆறும் வேகவதியும் கூடுகிற இடம் திருமுக்கூடல். மணல் எடுத்து எடுத்து ஆற்றின் தரை இறங்கியது. 2003இல் மணல் எடுப்பதை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு ஆற்று மணல் அருகிப்போக, மலையை உடைத்து அரைத்த எம்-சாண்டுக்குச் சந்தை வந்தது. சென்னையைச் சுற்றி எழும் கட்டடங்களுக்காக முதலில் ஆறு போனது, இப்போது குன்று போகிறது. போவது எல்லாம் இந்தச் சாலைகளின் வழியாகத்தான். மூன்று அச்சு வண்டிக்கு மொத்த எடை 25 டன் என்று இருந்ததை 2018 ஜூலையில் மத்திய அரசு 28.5 டன் ஆக்கியது. சாலை அப்படியே இருக்க, எழுத்து மாறியது. கூடுதல் பாரத்துக்கு 2019 திருத்தம் 20,000 ரூபாயும், கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வைத்தது. கனிமத்துக்கு நடைச்சீட்டு வேறு உண்டு. எந்தக் குவாரி, எவ்வளவு, எங்கே போகிறது என்பது அந்தச் சீட்டில் இருக்கும். சீட்டு டிரைவரின் சட்டைப் பையில் இருக்கும்.

இதெல்லாம் பொதுமக்கள் படிக்க வேண்டியதில்லை என்பது இயற்கை நியதியா? இதே 1989 விதிகளின் இன்னொரு பக்கத்தைப் பார்க்கலாம். பெட்ரோல், அமிலம் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு 134ஆம் விதி ஓர் அவசரத் தகவல் பலகையைக் கட்டாயமாக்குகிறது. சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஐ.நா. வகை எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், அவசர டெலிபோன் எண் 50, சரக்கு அனுப்பியவரின் பெயரும் டெலிபோனும் 50. போபாலுக்கு ஐந்தாண்டு கழித்து வந்த விதிகள் இவை. உள்ளே என்ன இருக்கிறது, யார் அனுப்பியது, யாரைக் கேட்பது என்று சாலையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதைச் சட்டம் இந்த ஓர் இடத்தில் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டதும் எழுத்து பெரிதாகிறது, பெயர் திரும்பி வருகிறது. வெடிக்கிற சரக்குக்கு முடிந்தது நசுக்குகிற சரக்குக்கு ஏன் முடியாது?

அமெரிக்க மத்திய விதி ஒன்றும் இங்கே ஒப்பிடத் தக்கது. மாநிலங்களுக்கிடையே ஓடும் சரக்கு லாரியில் கம்பெனியின் பெயரும் அதன் பதிவு எண்ணும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். எழுத்து இத்தனை அங்குலம் என்று அந்த விதி சொல்வதில்லை. வண்டி நிற்கும்போது, பகலில், 50 அடி தூரத்திலிருந்து எளிதாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க லாரி முதலாளித்துவத்துக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு விதி எழுத்தை அளக்கிறது, இன்னொரு விதி கண்ணை அளக்கிறது என்ற வித்தியாசத்துக்காகச் சொல்கிறேன். எழுத்தை அளந்தால் 65 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பார்த்துக் கோப்பை மூடிவிடலாம். கண்ணை அளந்தால் யாருடைய கண் என்ற கேள்வி வந்தே தீரும்.

5

எழுத்துக்காகப் போராடாத இனமில்லை தமிழினம். 1952 ஆகஸ்டில் பெரியார் ரயில் நிலையப் பலகைகளின் இந்தி எழுத்தைத் தார் பூசி அழிக்கச் சொன்னார். 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கேட்டுத் தி.மு.க. தண்டவாளத்தில் படுத்தது. கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று பின்னாளில் அரசாணையே வந்தது. எழுத்தின் அளவே அரசியல் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

வண்டி எண் பலகையே ரத்தம் பார்த்த கதை ஈழத்தில் நடந்தது. 1957 தொடக்கத்தில் இலங்கை அரசு வாகன எண்ணில் ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டுச் சிங்கள 'ஸ்ரீ'யை வைத்தது. 1958 மார்ச்சில் அந்தப் பலகையோடு அரசுப் பேருந்துகள் வடக்கே வந்தபோது தமிழரசுக் கட்சியினர் சிங்கள எழுத்தில் தார் பூசித் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். தெற்கே பதிலுக்குத் தமிழ்ப் பலகைகளில் தார் விழுந்தது. ஏப்ரல் 9ஆம் தேதி பண்டாரநாயக்கா, செல்வநாயகத்தோடு செய்திருந்த ஒப்பந்தத்தைக் கிழித்தார். மே மாதம் கலவரம். ஒரு தகட்டில் இருக்கிற ஒற்றை எழுத்து, இந்தச் சாலை யாருடையது என்ற கேள்வியைத் தாங்கி நின்றது.

இந்த வரலாற்றை வைத்துப் பார்க்கும்போது நம் லாரி எழுத்தைப் பற்றிய மௌனம் வியப்பாக இருக்கிறது. நம் மொழி அரசியல், எழுத்தைக் கௌரவமாகப் பார்த்தது. ரயில் நிலையப் பலகை, கடைப் பலகை, கோயில் கோபுர வாசல், சிலையின் பீடம் இங்கெல்லாம் தமிழ் இருக்கிறதா என்று பார்த்தது. பொறுப்புக் கேட்கிற இடத்தில், கணக்குக் கேட்கிற இடத்தில் தமிழ் இருக்கிறதா என்று அதே தீவிரத்தோடு பார்க்கவில்லை. லாரியின் பின்பக்கம் இதற்குச் சரியான சாட்சி. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று ஒரு காலத்தில் எழுதினார்கள், பிறகு 'நமக்கு ஒருவர்' என்று எழுதினார்கள். 'மழைநீர் உயிர்நீர்' என்று எழுதினார்கள். எத்தனை பிள்ளை பெறலாம் என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லத் தமிழ், அதுவும் பெரிய எழுத்தில். இந்த வண்டி யாருடையது, எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்ல ஆங்கிலம், சின்ன எழுத்தில். எந்த மொழியில் உபதேசம், எந்த மொழியில் பொறுப்பு என்று இதைவிடப் பச்சையாக எங்கும் எழுதியிருக்காது.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நாமக்கல் லாரி நாகாலாந்து வரை போகிறது. அங்கிருக்கிற போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியுமா? நாடு முழுவதற்கும் ஒரே எழுத்து வேண்டாமா? வேண்டும். ஆனால் ஒன்று இருந்தால் இன்னொன்று கூடாது என்று யார் சொன்னது? சவுதி அரேபியாவில் ஒரே தகட்டில் அரபி எழுத்தும் எண்ணும் இருக்கின்றன, அவற்றுக்கு நேர் ரோமன் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. அங்கே வண்டி ஓட்டித் திரும்பி வந்த நம்மூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். உத்திரமேரூர்க் குவாரி வண்டிகளில் பெரும்பகுதி ஐம்பது அறுபது மைலைத் தாண்டுவதுமில்லை.

6

இப்போது கல்லெழுத்துக்கு வருவோம். 919இலும் 921இலும் வெட்டப்பட்ட இரண்டு சாசனங்கள். 1898இல் கல்வெட்டுத் துறையின் பார்வைக்கு வந்தவை. வெங்கையா பதிப்பித்து உலகறியச் செய்தவை. வாரியப் பெருமக்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்பவை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இதைக் குறிப்பிட்டார். பெருமிதத்துக்குக் குறைவில்லை.

பெருமிதத்தை ஓரமாக வைத்துவிட்டு வாசித்தால் தெரிவது என்ன? 921இன் சாசனப்படி ஓலையில் பெயர் எழுதப்பட, வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதத்தில் பயிற்சி வேண்டும். இது சதுர்வேதிமங்கலத்துப் பிராமண சபை. உழுதவருக்கும், கல்லை வெட்டியவருக்கும், பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அந்த எழுத்தும் அவர்கள் படிக்க வெட்டப்பட்டதல்ல. இதைச் சொல்லாமல் உத்திரமேரூரைக் கொண்டாடுவது, சங்கிலித்தொடராக வந்த ஒரு விலக்கலைக் கொண்டாடுவதாகிவிடும்.

ஆனாலும் இரண்டு விஷயங்களை அந்தக் கல்லிலிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. ஒன்று, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. கள்ள ஆவணம் எழுதியவரும் விலக்கப்பட்டவர். கணக்குக் காட்டாமை சாசனத்தில் ஒரு தீட்டாகவே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு, ஓலையை எடுத்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்ற விவரம். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் குடத்திலிருந்து ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிக்கொள்கிறான். உரக்க வாசிக்கிறான். பிறகு அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதை வாசிக்கிறார்கள். கை விரிந்திருக்க வேண்டும். வாசிப்பு எல்லார் காதிலும் விழ வேண்டும். ஒருவர் வாசித்தால் போதாது. எழுத்து இருந்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது, அதைப் பலர் அறிய வாசிக்க வேண்டும் என்பதை அந்தச் சபை தனக்குள்ளாவது அறிந்திருந்தது. அதன் வட்டத்தை ஊர் முழுக்க விரிப்பதுதான் நம் காலத்தின் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

அப்படி விரித்த ஓர் உதாரணம் நம் காலத்திலேயே உண்டு. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 முதல் ஊர் நடுவில் ஜன சுனவாய் கூட்டி, வேலைக் கணக்கை, மஸ்டர் ரோலை, வாங்கிய சிமெண்டு மூட்டையை உரக்கப் படித்தது. செத்தவர் பெயரில் கூலி எழுதியிருந்தது காதில் விழுந்தது. 2005இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கான பாதையில் முக்கியமான அடி அது. அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டிய தகவல்களை வெளியிடும்போது அந்த வட்டாரத்தின் மொழியைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

7

ஆக, கோரிக்கை பெரிய புரட்சி ஒன்றுமில்லை. குவாரி, கிரஷர் வண்டிகளின் இரண்டு பக்கத்திலும் பின்கதவிலும் பதிவு எண் ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். பின்கதவில் சாமி பெயருக்கு இருக்கிற இடம் இதற்கும் இருக்கும். 'மொத்த எடை 28.5 டன்' என்று தமிழில், அதே அளவில். எந்தக் குவாரியின் வண்டி, யாரைக் கூப்பிடுவது என்று தமிழில், டெலிபோன் எண்ணோடு. டேங்கர் லாரிக்கு 134ஆம் விதி கேட்பதை ஜல்லி லாரிக்கும் கேட்கிறோம், அவ்வளவுதான். எண் தகட்டின் எழுத்து மத்திய விதியின் கீழ் வருகிறது. அதைத் தொட வேண்டியதில்லை. கூடுதலாக எழுதுவதற்கு மாநில விதி போதும். அதற்கும் முன்னால், குவாரிக் குத்தகை கொடுக்கிறவர் மாவட்ட ஆட்சியர். குத்தகையின் நிபந்தனைகளில் ஒன்றாக இதை வைக்கக் கேட்கலாம்.

கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே குடம் இல்லை, நிலம் எத்தனை வேலி என்று கேட்கிற சாசனமும் இல்லை. வாக்காளர் பட்டியலில் இருக்கிற எல்லாரும் பேசலாம். குவாரி வண்டி ஓடுகிற ஊராட்சிகள் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால் அது ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கோப்பாக ஆகும். தீர்மானத்தோடு இன்னொன்றையும் செய்யலாம். கடந்த ஐந்தாண்டில் தங்கள் ஊர்ச் சாலையில் 'அடையாளம் தெரியாத வாகனம்' மோதிச் செத்தவர்களின் பட்டியலைக் காவல் நிலையத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே வீட்டுக்குக் கிடைத்த தொகையை எழுதி, சபையில் உரக்க வாசிக்கலாம். 65 மில்லிமீட்டர் போதுமா போதாதா என்று அதன்பிறகு சபையே சொல்லட்டும்.